நன்றாக இருக்கும் உடம்புக்கு ஊசி எதற்கு?

சென்ற ஆண்டு ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த புதிது. கிளினிக்கில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து ஓர் அம்மா, பதின்மூன்று வயது மகனை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். காய்ச்சலா, வயிற்று வலியா என்று வழக்கம்போல் ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க டாக்டர். பையன் நல்லாத்தான் இருக்கான். உயரம்தான் பத்தலை. உயரத்துக்கு ஏதோ ஊசி இருக்காமே... அதைப் போட்டுடலாமான்னு கேக்கத்தான் வந்தோம்."

பையன் பள்ளிக்கூட பாஸ்கெட்பால் டீமில் இருக்கிறானாம். நன்றாக ஆடுகிறானாம். "இன்னும் நாலு இன்ச் இருந்தா மாவட்ட டீமுக்கே போயிடுவான்" என்று அங்கே யாரோ சொல்லிவிட்டார்கள். மாவட்ட டீம் என்றால் சர்டிஃபிகேட். சர்டிஃபிகேட் என்றால் நாளைக்கு இன்ஜினீயரிங் சேர ஸ்போர்ட்ஸ் கோட்டா. அந்த அம்மா மனசுக்குள் நான்கு வருஷத்துக் கணக்கு போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். தப்பு சொல்ல முடியாது. பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் போடுகிற கணக்குதான்.

"நீ என்னப்பா சொல்றே?" என்று பையனைக் கேட்டேன்.

"அவனுக்கும் ஆசைதாங்க டாக்டர்" என்றார் அம்மா.

பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது தடவை கேட்டேன். அப்போதும் பதில் அம்மாவிடமிருந்துதான் வந்தது. சுவரோடு நிற்க வைத்து அளந்து பார்த்தேன். 142 செ.மீ. போன வருஷத்துப் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் 137 இருந்தது. ஆக, ஒரு வருஷத்தில் 5 செ.மீ. வளர்ந்திருக்கிறான். குரல் இன்னும் உடையவில்லை. அப்பா 165, அம்மா 152. இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு உண்டு, நீங்களும் போட்டுப் பார்க்கலாம். அப்பா உயரம், அம்மா உயரம் இரண்டையும் கூட்டுங்கள். ஆண் பிள்ளை என்றால் அதோடு 13-ஐக் கூட்டுங்கள். பெண் பிள்ளை என்றால் 13-ஐக் கழியுங்கள். வருவதை இரண்டால் வகுங்கள். பிள்ளை வளர்ந்து நிற்கப்போகும் உயரம் ஏறக்குறைய அது. ஏழெட்டு செ.மீ. முன்னே பின்னே இருக்கலாம். இவனுக்கு 165 வந்தது, அதாவது அவன் அப்பா உயரம். உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. தாமதமாக வயசுக்கு வருகிற பையன், அவ்வளவுதான்.

ஆனால் அந்த அம்மா கேட்ட ஊசி நிஜமாகவே இருக்கிறது. அதுதான் சிக்கல். இல்லாத ஒன்றைக் கேட்டிருந்தால் சிரித்து அனுப்பியிருக்கலாம்.

வளர்ச்சி ஹார்மோன் என்று பெயர். மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்று ஒரு பட்டாணி அளவு சுரப்பி இருக்கிறதே, அது சுரப்பது. இதைச் சரியாகச் சுரக்காத குழந்தைகளுக்கு ஊசியாகப் போட்டால் அற்புதமாக வளர்வார்கள். கால்பந்து வீரர் மெஸ்ஸி சின்ன வயதில் போட்டுக்கொண்டது இந்த ஊசிதான். அவருக்கு அந்த ஹார்மோன் குறைபாடு இருந்தது. பார்சிலோனா கிளப் அந்தச் செலவை ஏற்றுக்கொண்டுதான் அவரை எடுத்தது. ஒரு காலத்தில் இந்த ஹார்மோனை இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து எடுத்தார்கள். அதில் மூளையைத் தின்னும் ஒரு நோய் ஒட்டிக்கொண்டு வந்து, உலகம் முழுக்க இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1985-ல் அதை நிறுத்திவிட்டு, ஆய்வுக்கூடத்திலேயே தயாரிக்கும் முறைக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு பற்றாக்குறை தீர்ந்தது. பற்றாக்குறை தீர்ந்ததும், "நோய் இல்லாத குள்ளக் குழந்தைக்கும் போட்டால் என்ன?" என்ற கேள்வி வந்துவிட்டது. 2003-ல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை அதற்கும் அனுமதி கொடுத்தது. ரொம்பவே குள்ளமான, காரணம் தெரியாத குழந்தைகளுக்கு மட்டும். பலன்? நாலைந்து வருஷம், வாரம் முழுக்க தினம் ஒரு ஊசி. கடைசியில் கூடுதலாகக் கிடைப்பது சராசரியாக 4-லிருந்து 7 செ.மீ.

நான் சொல்ல வந்தது இந்த ஊசியைப் பற்றி மட்டும் இல்லை. நோயைத் தீர்க்க அல்ல, 'இருப்பதைவிட இன்னும் மேலே' போவதற்காக மருந்து கேட்டு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். உயரம், நிறம், தசை, ஞாபகசக்தி, பயப்படாத நெஞ்சு... எல்லாவற்றுக்கும் ஒரு மாத்திரையோ ஊசியோ மார்க்கெட்டில் இருக்கிறது. இது சரியா, தப்பா? எதை வைத்து முடிவு செய்வது?

'இயற்கைக்கு விரோதம், அதனால் தப்பு' என்று பெரியவர்கள் சொல்வார்கள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் சொல்வார்கள்! தடுப்பூசி இயற்கையா? பல் செட் இயற்கையா? அட, நாம் காலையில் எழுந்ததும் குடிக்கிற ஃபில்டர் காபியே ஓர் ஊக்கமருந்துதான். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2003 வரைக்கும் ஒலிம்பிக் வீரரின் சிறுநீரில் காஃபீன் ஒரு அளவுக்கு மேல் இருந்தால் அவருக்குத் தண்டனை உண்டு. 2004 ஜனவரியில்தான் அந்தப் பட்டியலிலிருந்து காபியை விடுதலை செய்தார்கள்.

'எல்லோருக்கும் சமமான போட்டி இல்லை, அதனால் தப்பு' என்பது இன்னொரு வாதம். இது கொஞ்சம் பலமானது. ஆனால் இதிலும் ஓட்டை இருக்கிறது. ஃபின்லாந்தில் ஈரோ மான்டிரான்டா என்று ஒரு பனிச்சறுக்கு வீரர் இருந்தார். 1964 இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கியவர். அவர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 20-க்கு மேல். நம் வீட்டு ஆண்களுக்கு 15 இருந்தாலே நல்ல ஆரோக்கியம் என்போம். திருட்டுத்தனம் பண்ணித்தான் ஏற்றியிருப்பார் என்று ஊரெல்லாம் பேச்சு. 1990-களில் அவர் குடும்பத்தையே சோதித்துப் பார்த்தார்கள். பிறவியிலேயே ஒரு மரபணு மாற்றம். சிவப்பணு தயாரிக்கச் சொல்லும் கட்டளைக்கு அவர்கள் உடம்பு அளவுக்கு மீறிக் கீழ்ப்படிகிறது! இபிஓ என்ற ஊசியைப் போட்டுக்கொண்டு சைக்கிள் ஓட்டிய லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கிடமிருந்து ஏழு பட்டங்களையும் 2012-ல் பிடுங்கினார்கள். அவர் ஊசியில் தேடியது, ஃபின்லாந்துக்காரருக்குப் பிறப்பிலேயே கிடைத்திருந்தது. ஆக, சமம் என்பது முதலிலிருந்தே இல்லை. (அதற்காக ஆர்ம்ஸ்ட்ராங் செய்தது சரி என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வருஷக்கணக்கில் பொய் சொன்னார், உண்மை பேசியவர்களை மிரட்டினார். அது தனிக் கணக்கு.)

அப்படியானால் எதைத்தான் பிடித்துக்கொள்வது? எனக்கு அந்தப் பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான் வழி காட்டியது. அவன் வாய் திறக்காமல் நின்றபோது, ஐரோப்பாவில் நடந்த ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வந்தது.

கிழக்கு ஜெர்மனி. இன்று அப்படி ஒரு நாடு இல்லை. ஒன்றரைக் கோடி சொச்சம் ஜனத்தொகைதான். ஆனால் 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் பெண்கள் நீச்சலில் இருந்த 13 தங்கத்தில் 11-ஐ அந்த நாட்டுப் பெண்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். தோள் அகலமாக, குரல் கட்டையாக இருக்கிறதே என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள். நீந்த வந்திருக்கிறார்கள், பாட வரவில்லை என்ற தினுசில் ஒரு பயிற்சியாளர் பதில் சொன்னதாகச் சொல்வார்கள். எவ்வளவு சாமர்த்தியமான பதில்! அதன் பின்னால் இருந்த சங்கதி, பெர்லின் சுவர் விழுந்த பிறகுதான் வெளியே வந்தது. 1974 முதல் அது அரசாங்கத் திட்டம். கோப்பில் '14.25' என்று அதற்கு ஓர் எண்கூட உண்டு. ஓரல்-டூரினபால் என்ற ஆண் ஹார்மோன் மாத்திரையை ஆயிரக்கணக்கான விளையாட்டு வீரர்களுக்கு, வயசுக்கு வராத சிறுமிகள் உள்பட, அளவு எழுதிவைத்துக் கொடுத்தார்கள். பிள்ளைகளிடமும் சரி, பெற்றோரிடமும் சரி, சொன்னது ஒரே வார்த்தைதான்: வைட்டமின்.

அவர்களில் ஒருத்தி ஹைடி க்ரீகர். குண்டு எறியும் பெண். பதினாறு வயதில் அந்த நீல மாத்திரை ஆரம்பம். 1986-ல் ஸ்டுட்கார்ட் நகரில் ஐரோப்பிய சாம்பியன். குரல் மாறியது, முகத்தில் முடி வளர்ந்தது, முதுகும் இடுப்பும் முட்டியும் சுமை தாங்காமல் போயின. 1997-ல் ஆணாக மாறி, ஆண்ட்ரியாஸ் க்ரீகர் என்று பெயர் வைத்துக்கொண்டார். இதில் என்னைப் பிடித்து உலுக்கியது எது தெரியுமா? மாத்திரைக்கு முன்பிருந்தே தன்னைப் பற்றி அவருக்குள் ஒரு குழப்பம் இருந்ததாம். ஆணா பெண்ணா என்று யோசித்து, தானே ஒரு முடிவுக்கு வந்திருப்பார். அந்த முடிவை எடுக்கும் உரிமையையே தன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள் என்பதுதான் அவருடைய குறை. 2000-ம் ஆண்டு பெர்லின் கோர்ட்டில் சாட்சி சொன்னார். திட்டத்தை நடத்திய விளையாட்டுத் துறைத் தலைவர் மான்ஃப்ரெட் எவால்டுக்குக் கிடைத்த தண்டனை 22 மாதம். அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. ஒரு நாள்கூட ஜெயிலில் இருக்க வேண்டியதில்லை. குற்றச்சாட்டு என்ன? போட்டியில் ஏமாற்றியது அல்ல. உடம்புக்குக் காயம் விளைவித்ததற்கு உடந்தை. கோர்ட்டுக்காவது விஷயம் எங்கே இருக்கிறது என்று புரிந்தது.

இதனால்தான் நான் இயற்கை, செயற்கை வாதத்தை எல்லாம் விட்டுவிட்டு ஒரே கேள்வியில் வந்து நிற்கிறேன். நோய் இல்லாத உடம்புக்குள் மருந்து போகிறது என்றால், அதை விழுங்குகிற ஆள் 'வேண்டாம்' என்று சொல்லியிருக்க முடியுமா?

வயது வந்தவர், விவரம் தெரிந்து, தன் உடம்பில் தானே போட்டுக்கொண்டால்? 'என்ஹான்ஸ்டு கேம்ஸ்' என்று ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். ஊக்கமருந்து சாப்பிட்டுவிட்டே பகிரங்கமாகப் போட்டியிடலாம். 2026 மே மாதம் அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் முதல் போட்டி என்று 2025-ல் அறிவித்தார்கள். அதற்கு முன்பே, 2025 பிப்ரவரியில், கிறிஸ்டியன் கொலோமீவ் என்ற கிரேக்க நீச்சல் வீரரை மருந்தோடு நீந்த வைத்து, 50 மீட்டரை 20.89 செகண்டில் முடிக்க வைத்தார்கள். 2009-ல் பிரேசில் வீரர் சீஸர் சியேலோ நிகழ்த்திய சாதனையைவிட 0.02 செகண்ட் குறைவு. பரிசு 10 லட்சம் டாலர். அவர் போட்டிருந்த முழு உடல் நீச்சல் உடை, மற்ற போட்டிகளில் 2010 முதல் தடை செய்யப்பட்டது. மருந்தையும் உடையையும் சேர்த்தே இவ்வளவுதானா என்று எனக்குத் தோன்றியது உண்மை.

ஒளிவுமறைவு இல்லை, டாக்டர் மேற்பார்வை உண்டு, எல்லாரும் மேஜர் என்கிறார்கள். சும்மா சொல்லக்கூடாது, பழைய திருட்டுத்தனத்தைவிட இது நேர்மைதான். ஆனால் பக்கத்து லேனில் நீந்துகிறவனை நினைத்துப் பாருங்கள். அவனுக்கு மருந்து வேண்டாம். ஆனால் எல்லோரும் சாப்பிட்டால் இவனும் சாப்பிட வேண்டும், இல்லை வீட்டுக்குப் போக வேண்டும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.79 செகண்டில் ஓடி, மூன்றே நாளில் பதக்கத்தை இழந்த பென் ஜான்சனின் கதையும் அதுதான். மேலே போகிற எல்லோரும் சாப்பிடுகிறார்கள் என்ற நினைப்பு வந்துவிட்டால், மருந்து சாப்பிடுவது ஆசையாக இருக்காது, கட்டணமாகிவிடும். ஒருவர் சம்மதம் கொடுத்தால் பத்துப் பேருடைய மறுப்பு செல்லாமல் போகிறது. மேஜர்கள் விஷயத்திலேயே இப்படி. அந்த நீச்சல் குளத்தை டி.வி.யில் பார்க்கிற பதினான்கு வயதுப் பையனுக்கும் அவன் கோச்சுக்கும் என்ன தோன்றும்?

நம் நாட்டுக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் 4 x 400 மீட்டர் ரிலேயில் நம் பெண்கள் தங்கம் வாங்கியபோது நாம் எல்லோரும் டி.வி. முன்னால் கை தட்டினோம். அந்த நால்வரில் மூவர் அடுத்த வருஷமே ஸ்டீராய்டு சோதனையில் மாட்டினார்கள். பயிற்சியாளர் வாங்கிக் கொடுத்த ஜின்செங் சத்து மாத்திரையில்தான் அது கலந்திருந்தது, எங்களுக்குத் தெரியாது என்றார்கள். பயிற்சியாளரை வேலையிலிருந்து எடுத்தார்கள். பெண்களுக்கு இரண்டு வருஷம் தடை. விளையாட்டுச் சட்டத்தில் 'தெரியாது' என்பதற்கு மதிப்பு இல்லை. உன் உடம்புக்குள் போனதற்கு நீதான் பொறுப்பு. சட்டம் அப்படித்தான் இருந்தாக வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் 'சத்து' என்று சொல்லி எத்தனை நாட்டில் எத்தனை பேருக்கு எதை எதையோ கொடுத்திருக்கிறார்கள்!

கோச்சுகளை மட்டும் ஏன் திட்ட வேண்டும்? என் கதையைக் கேளுங்கள்.

பதினைந்து வருஷத்துக்கு மேல் இருக்கும். தெரிந்த குடும்பம். வீட்டில் கிரகப்பிரவேசம். பத்தாவது படிக்கிற பெண்ணுக்குச் சரியாக அந்தத் தேதியில் மாதவிலக்கு வரும் போலிருக்கிறது, தள்ளிப்போட மாத்திரை வேண்டும் என்று அம்மா வந்தார். தமிழ்நாட்டில் டாக்டர் தொழில் செய்கிற எல்லோருக்கும் இது வாரத்துக்கு ஒரு தடவை வருகிற கோரிக்கை. கல்யாணம், சபரிமலைக்கு மாலை போட்ட வீடு, பரீட்சை, ஸ்போர்ட்ஸ் டே. நானும் யோசிக்காமல் எழுதிக் கொடுத்தேன். நோரெதிஸ்டிரோன் 5 மி.கி., தினம் மூன்று வேளை, தேதிக்கு மூன்று நாள் முன்னாலிருந்து. பெண் வெளியே ஆட்டோவில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே கூப்பிடவில்லை.

மூன்று வாரம் கழித்து அவள் வந்தாள். மாத்திரையை நிறுத்தியதும் வரவேண்டிய மாதவிலக்கு வந்து, பத்து நாளாக நிற்கவில்லை. சோர்ந்து போயிருந்தாள். மருந்து மாத்திரை ஏதாவது சாப்பிட்டாயா என்று, எல்லாம் தெரிந்தும், தொழில் பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

"ஒண்ணும் இல்லையே டாக்டர். அம்மா சத்து மாத்திரை குடுத்தாங்க, அதான்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் ரத்த அழுத்தக் கருவியைப் பார்த்தேன். பிறகு நானே சொன்னேன், அது என்ன மாத்திரை, யார் எழுதினது என்று. அந்தப் பெண் அழவில்லை, கோபப்படவில்லை. "எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. சொன்னா சாப்பிட மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?" என்றாள். அவ்வளவுதான்.

பெரிய ஆபத்து ஒன்றும் வரவில்லை. ஆனால் வந்திருக்கலாம். காலில் ரத்தக் கட்டி வந்தவர்கள், குடும்பத்தில் அந்தச் சரித்திரம் உள்ளவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள்... இவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது. கேட்டால்தானே தெரியும்? நான் கேட்கவில்லை. இன்னொரு வேடிக்கை, அல்லது வேதனை. இந்த மாத்திரை உடம்பில் உடைந்து வெளியேறும்போது 19-நார்ஆண்ட்ரோஸ்டிரோன் என்ற பொருளும் சிறுநீரில் கொஞ்சம் வரும். நாண்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்தைக் கண்டுபிடிக்கத் தேடுவதும் அதே பொருளைத்தான். மாத்திரை தடை செய்யப்பட்டதல்ல. ஆனாலும் போட்டிக்குப் போகிற பெண் இதைச் சாப்பிட்டிருந்தால், சோதனைக்கு வந்தவர்களிடம் அதைச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. சாப்பிட்டது என்னவென்றே தெரியாத பெண் எதை எழுதுவாள்?

அன்றிலிருந்து இந்த மாத்திரையை நான் எழுதுவதே இல்லை என்று நினைக்காதீர்கள். எழுதுகிறேன். நீச்சல் போட்டிக்குப் போகிற பெண் தானே வந்து கேட்டால், எல்லாம் விசாரித்துவிட்டு எழுதுகிறேன். அம்மாவிடமோ அத்தையிடமோ சீட்டைக் கொடுத்தனுப்புவதில்லை. விழுங்குகிறவள் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும்.

சிவப்பழகு சமாசாரத்தை அதிகம் நீட்டப் போவதில்லை. நிச்சயதார்த்தம் முடிந்து கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, மருந்துக் கடையில் பெயர் சொல்லி வாங்கிய டியூபை முகத்தில் பூசிக்கொண்டு வருகிற பெண்கள் எத்தனையோ பேர். உள்ளே இருப்பது ஸ்டீராய்டு. முதல் மாதம் பளபளப்பு. பிறகு தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, முடி முளைத்து, விட்டால் முகமே தீயாய் எரியும். 2018-ல் அரசாங்கம் இத்தகைய பதினான்கு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சேர்த்தும் கடையில் கிடைக்கிறது. "உனக்குக் கறுப்பா இருக்கறது பிடிக்கலையாம்மா?" என்று கேட்டால், "அவங்க வீட்ல எல்லாரும் நல்ல கலர் டாக்டர்" என்பாள். கேட்டது ஒன்று, பதில் இன்னொன்று.

ஆனால் எல்லாவற்றுக்கும் நான் 'கூடாது' போர்டு மாட்டுகிறவன் இல்லை. ஒரு பாடகி வந்தார். முப்பது வயதுக்கு மேல். மேடையில் ஏறினால் கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, முதல் பாட்டு வீணாகிறது. நோய் என்று பெயர் வைக்க முடியாது. ஆஸ்துமா இருக்கிறதா, நாடி மெதுவாக ஓடுகிறதா என்று பார்த்தேன். இரண்டும் இல்லை. கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்னால் ப்ரோபரனலால் பத்து மி.கி., அதற்கு முன்னால் வீட்டில் ஒரு நாள் சும்மா சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தேன். நன்றாகப் பாடினார். இதே மாத்திரையைச் சாப்பிட்டதற்காக 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியத் துப்பாக்கி வீரர் கிம் ஜோங்-சு வெள்ளியையும் வெண்கலத்தையும் திருப்பிக் கொடுத்தார். அதுவும் சரிதான். கை நடுங்காமல் இருப்பதுதான் அங்கே போட்டியே. கச்சேரிக்கு வந்தவர்கள் கேட்க வந்தது கல்யாணியை, அந்த அம்மாளின் நரம்பு பலத்தை அல்ல. அவர் தானாக வந்தார், தானாகக் கேட்டார், நாளைக்கே வேண்டாம் என்று நிறுத்தலாம். ஒருவேளை அந்த மாத்திரை இல்லாமல் மேடை ஏறவே முடியாது என்ற நிலை வந்தால் என் பதிலும் மாறும். அதை அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

சரி, அந்தப் பையன்.

ஊசியைப் பற்றி அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். இன்னொன்றையும் சொன்னேன்: வளர்ச்சி ஹார்மோன் விளையாட்டில் தடை செய்யப்பட்ட மருந்து. நோய்க்காக என்று முறைப்படி அனுமதி வாங்காமல் போட்டுக்கொண்டால், எந்த சர்டிஃபிகேட்டுக்காக இத்தனை பாடோ அந்த சர்டிஃபிகேட்டுக்கே ஆபத்து. அந்த அம்மா முகம் வெளிறிப் போனது. ஆறு மாதம் கழித்து வாருங்கள், அளந்து பார்ப்போம், வளர்ச்சி வேகம் குறைந்திருந்தால் கை எலும்பு எக்ஸ்ரே எடுத்து ஹார்மோன் டாக்டரிடம் அனுப்புகிறேன் என்று அனுப்பினேன்.

டிசம்பரில் வந்தார்கள். இந்தத் தடவை அம்மாவைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொன்னேன். 145 செ.மீ. ஆறு மாதத்தில் மூன்று. குரல் உடைய ஆரம்பித்திருந்தது; இனிமேல்தான் ஆண் பிள்ளைகளுக்கு வேகமான வளர்ச்சி.

"ஊசி போட்டா எவ்வளவு டாக்டர் கூட வரும்?" அவனே கேட்டான்.

சொன்னேன். அவன் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தான். "அஞ்சு வருஷம்னா ஆயிரத்து எண்ணூறு ஊசி டாக்டர்!" என்றான். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு பாஸ் குடுத்து ஆடறதுதான் பிடிக்கும். அதுக்கு உயரம் வேண்டியதில்லை. அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றான்.

அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எழுந்திருக்கும்போது, "அப்ப ஊசி வேண்டாம் டாக்டர். சும்மா ஒரு டானிக்காவது எழுதிக் குடுங்க" என்றார்.

தினம் ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால், ராத்திரி பத்து மணிக்குள் தூக்கம் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மா சீட்டை வாங்கி, பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துக்கொண்டே போனார்.